சமையற்கட்டுச் சுவரில் ஓர் இரும்பு வளையம்

தெற்கு கரோலைனாவின் எய்க்கன் நகருக்கு நாங்கள் வந்து சேர்ந்தது ஒரு நவம்பர் மாதம். முதலில் வாடகைக்குக் கிடைத்தது ஒரு பழைய மாளிகையின் பின்புறம் இருந்த சின்னச் செங்கல் கட்டடம். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. வாசல் கதவு மேல்பாதி தனியாகவும் கீழ்ப்பாதி தனியாகவும் திறக்கும். சமையற்கட்டுச் சுவரில் என் தோள் உயரத்துக்கு ஓர் இரும்பு வளையம் பதித்திருந்தது. விரல் தடிமன். உட்புறம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருக்கும். கைத்துண்டு மாட்ட வசதியாக இருக்கிறது என்று அதில் துண்டைத் தொங்கவிட்டிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் வந்தபோதுதான் சொன்னார், அது குதிரையைக் கட்டிய வளையம், இந்த வீடு ஒரு காலத்தில் லாயம் என்று. ஒரு பக்கத் தேய்மானம் கயிறு இழுத்து இழுத்து வந்தது.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். "குதிரை லாயத்துலயாடி குடியிருக்கே?" என்று கேட்டுவிட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எங்கப்பா இருந்தா வந்து பாத்துருப்பாருடி" என்றாள்.

தாத்தா கும்பகோணத்தில் ஜட்கா ஓட்டியவர். ஸ்டேஷன் வாசலில் வண்டி போட்டிருப்பார். சாக்கை விரித்து அதன்கீழ் புல்லைப் பரப்பி வைத்திருக்கும் வண்டி; உட்கார மெத்தென்று இருக்கும், குதிரைக்குத் தீனியும் ஆச்சு. பின்னால் பாரம் ஏறினால் குதிரையின் வயிற்றில் வார் இழுக்கும் என்பதால், "ஐயா, கொஞ்சம் முன்னால நகந்து உக்காருங்க" என்று ஒவ்வொரு சவாரியிடமும் சொல்லிக்கொண்டே இருப்பார். கூட்டத்தில் வழி வேண்டுமென்றால் சாட்டைக் கம்பைச் சக்கரத்தின் ஆரக்காலில் விடுவார், டகடகவென்று சத்தம் வரும். குதிரையை அடித்து அம்மா பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே ஆட்டோ வந்து ஜட்கா போய்விட்டது. எனக்கு மிஞ்சியது தாத்தாவின் கதைகளும், கொள்ளு வேகும் வாசனையைப் பற்றி அம்மா சொன்னதும்தான். எங்கள் வீட்டில் குதிரை என்றால் அன்றாடச் சோறு. எய்க்கனில் குதிரை என்றால் என்ன என்று புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

குதிரைக்குப் பேர்போன இந்த ஊரைப் பெற்றெடுத்தது ரயில். சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்குப் பருத்தி வந்து சேர வேண்டும். சவான்னா ஆற்று வழியாக அது ஜார்ஜியாவின் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் திருப்ப, ஆற்றங்கரையில் இருந்த ஹாம்பர்க் வரை ஒரு ரயில் பாதை போட்டார்கள். 136 மைல். 1833இல் முடிந்தபோது உலகத்திலேயே நீளமான ரயில் பாதை அதுதான். வேலை செய்தவர்களில் பெரும்பங்கு, எஜமானர்களிடமிருந்து கம்பெனி வாடகைக்கு எடுத்த அடிமைகள். ரயில் கம்பெனியின் முதல் தலைவர் வில்லியம் எய்க்கன், பாதை முடிவதற்கு முன்பே 1831இல் குதிரை வண்டி விபத்தில் இறந்துபோனார். அவர் பேரைத்தான் ஊருக்கு வைத்தார்கள். 1834இல் நிலத்தை அளந்து தெருப் பிரித்தார்கள்; 1835 டிசம்பரில் நகராயிற்று.

அளந்தவர்கள் தாராளமாக அளந்திருக்கிறார்கள். பழைய நகரத்தின் தெருக்கள் 150 அடி அகலம். நடுவில் ஒரு பூங்காவே ஓடும்: ஓக், மக்னோலியா, பைன், வசந்தத்தில் பூத்துத் தள்ளும் அசேலியா. இரண்டு பக்கமும் வண்டி போகும். தெருவைக் கடக்க வேண்டுமென்றால் ஒரு தோப்பைக் கடக்க வேண்டும். சவுத் பவுண்டரி தெருவில் இரண்டு பக்கத்து ஓக் மரங்களும் மேலே கைகோத்துக்கொண்டு நிற்கின்றன. நடுப்பகலில் அதற்குள் காரை விட்டால் வெளிச்சம் பச்சையாக மாறிவிடும். மரத்துக்கு இவ்வளவு இடம் விட்டுவிட்டு மனிதர்கள் ஒதுங்கி வாழ்கிற நகரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு வடக்கிலிருந்து பணக்காரர்கள் குளிர்காலத்தைக் கழிக்க வரத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே பைன் காற்று காசநோய்க்கு நல்லது என்று நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். குதிரைக்காரர்களை இழுத்தது மண். இங்கே எங்கே தோண்டினாலும் மணல். எவ்வளவு மழை பெய்தாலும் உறிஞ்சிக்கொள்ளும், சேறாகாது, குளம்புக்கு மெத்தென்று இருக்கும். நியூயார்க்கில் பனி உறைந்து கிடக்கும் ஜனவரியில் இங்கே குதிரை ஓட்டலாம். தாமஸ் ஹிட்ச்காக்கும் அவர் மனைவி லூயிஸ் யூஸ்டிஸும் இந்த வழக்கத்தை ஊன்றியவர்கள். போலோ ஆட்டம் 1882இலேயே இங்கே தொடங்கியிருந்தது. ஹிட்ச்காக் தம்பதியின் மகன் டாமி, அமெரிக்கப் போலோவின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவர், 1900இல் பிறந்தது இந்த ஊரில்தான்.

அவர்கள் கட்டிய வீடுகளுக்கு 'காட்டேஜ்' என்று பெயர். குடிசை என்று நம்பிப் போனால் அறுபது அறை இருக்கும். ஜாய் காட்டேஜ் அப்படித்தான்: கடற்படை அமைச்சராக இருந்த வில்லியம் விட்னி, ஒரு சாதாரண விடுதி வீட்டை வாங்கிச் சிறகு சிறகாக நீட்டிக்கொண்டே போனது. இந்த வீடுகளில் எனக்குப் பிடித்தது அவற்றின் அடக்கம். தெருவிலிருந்து பார்த்தால் வெள்ளை மரப்பலகைச் சுவர், பச்சை ஜன்னல் கதவு, நீளமான தாழ்வாரம், அவ்வளவுதான் தெரியும். செங்கல் மதிலும் மரங்களும் மீதியை மறைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டுக்கார அம்மாளின் தாழ்வாரத்தில் கூரையின் உட்பக்கம் வெளிர்நீல வண்ணம். பேய் அதை வானம் என்றோ தண்ணீர் என்றோ நினைத்து விலகிப் போகும் என்பது கடற்கரைப் பக்கத்துக் கறுப்பின மக்களான கல்லாக்களின் நம்பிக்கை. பணக்காரர் வீட்டு முகப்பில் உழைத்தவர்களின் நம்பிக்கை நீலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பால்மெட்டோ கோல்ஃப் கிளப்பின் கட்டடத்தை வரைந்தவர் நியூயார்க்கின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஸ்டான்ஃபோர்ட் வைட். இதையெல்லாம் சுற்றிக் காட்டுபவர்கள் நன்றாகவே சொல்கிறார்கள். என் கண் மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் பின்கட்டுக்குப் போய்விடும். லாயம் எங்கே, லாயக்காரர் படுத்த இடம் எது, தண்ணீர் எங்கிருந்து சுமந்தார்கள்? அப்படித் தேடிப்போனபோதுதான் பிரின்ஸ் ரிவர்ஸ் என்ற பெயர் கிடைத்தது.

அவர் அடிமையாகப் பிறந்தவர். கடற்கரைப் பக்கம் பியூஃபோர்ட்டில் எஜமானரின் கோச்சு வண்டி ஓட்டியவர். அடிமைக்கு எழுத்து மறுக்கப்பட்ட நாட்டில் எழுதப் படிக்கக் கற்றிருந்தார். போர் வந்ததும் எஜமானர் உள்நாட்டுக்கு ஓடினார். ரிவர்ஸ் எஜமானரின் குதிரை ஒன்றிலேயே ஏறி, தெற்குப் படைகளின் ஊடாகச் சவாரி செய்து வடக்குப் படையிடம் போய்ச் சேர்ந்தார் என்று அவர் கதையைச் சொல்கிறார்கள். விடுதலை பெற்ற அடிமைகளைக் கொண்டு திரட்டிய முதலாம் தெற்கு கரோலைனாப் படையில் சார்ஜன்ட் ஆனார். 1863 ஜனவரி 1ஆம் தேதி, விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வந்த நாளில், போர்ட் ராயலில் படையின் கொடியைக் கையில் வாங்கியவர்களில் அவர் ஒருவர். போருக்குப் பின் 1868இல் மாநிலத்துக்குப் புது அரசியல் சட்டம் எழுதிய மன்றத்தில் உட்கார்ந்தார். சட்டமன்ற உறுப்பினரானார். 1871இல் எய்க்கன் கவுன்ட்டியை உருவாக்கியவர்களில் அவரும் சாமுவேல் லீ, சார்ல்ஸ் ஹெய்ன் போன்ற கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர்களும் முக்கியமானவர்கள். நான் வரி கட்டுகிற, என் கார் பதிவாகியிருக்கிற இந்தக் கவுன்ட்டியின் எல்லைக்கோட்டில் ஒரு கோச்சு வண்டிக்காரரின் கையும் இருக்கிறது.

ரயில் பாதை போய் முடிந்த அதே ஹாம்பர்க்கில், கறுப்பின மக்கள் பெரும்பாலும் வாழ்ந்த ஊரில், ரிவர்ஸ் நீதிபதியாக இருந்தபோதுதான் 1876 ஜூலை 8 வந்தது. கறுப்பினக் காவல்படையின் துப்பாக்கிகளைப் பறிக்க ஆயுதங்களோடு வெள்ளையர் கூட்டம் சூழ்ந்துகொண்டது. சண்டையில் வெள்ளையர் ஒருவர் இறந்தார். கறுப்பர் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் நான்கு பேரைச் சரணடைந்த பின் நிற்க வைத்துச் சுட்டார்கள். இறந்த வெள்ளையருக்கு நார்த் அகஸ்டாவில் 1916இல் நினைவுத்தூண் எழுப்பினார்கள். கறுப்பர்களுக்கு ஒரு நினைவுக்கல் வர 2016 ஆயிற்று. இரண்டையும் ஒரே நாளில் போய்ப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே கார் போகும் தூரம் சில நிமிஷங்கள்தான்.

அதற்குப் பிறகு அதிகாரம் பழைய கைகளுக்குத் திரும்பிவிட்டது. ரிவர்ஸின் பதவி போயிற்று. அவர் மறுபடி கோச்சு வண்டி ஓட்டப் போனார். 1887இல் இந்த எய்க்கனில்தான் இறந்தார். இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. நாடு விட்டு வந்தவளுக்கு, ஊர் விட்டு ஊர் போய் மேலே ஏறிவிடலாம் என்ற நம்பிக்கை ஒன்று உள்ளுக்குள் இருந்துகொண்டே இருக்கும். சட்டம் எழுதிய கையைக் கடிவாளத்துக்கே திருப்பி அனுப்பிய ஊரில் இருக்கிறேன் என்று தெரிந்தபோது அந்த நம்பிக்கைக்கு எத்தனை பேர் விலை கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்களைப் போன்றவர்கள் இங்கே வீடு வாங்க முடிகிறதென்றால், அதற்கான சண்டையை இவர்கள் போட்டார்கள். இந்தியர் வீடுகளுக்குச் சாப்பிடப் போகும்போது இந்தப் பெயரை நான் சொல்லாமல் இருப்பதில்லை.

யார்க் தெருவில் இம்மானுவேல் இன்ஸ்டிட்யூட் என்ற மரக்கட்டடம் நிற்கிறது. 1890ஐ ஒட்டிக் கறுப்பினக் குழந்தைகளுக்காகக் கட்டிய பள்ளிக்கூடம். உயரமான ஜன்னல்கள், முன்னால் ஒரு கோபுரம். சிதிலமாகிக் கிடந்ததை மீட்டெடுத்து, கறுப்பின வரலாற்று மையமாக்கியிருக்கிறார்கள். எய்க்கனுக்கு வருபவர்களை நான் முதலில் அழைத்துப் போவது அங்கே. மாளிகைகளைப் பிறகு பார்க்கலாம்.

எங்கள் ஊர்க்காரர்களில் பலர் இங்கே வரக் காரணம் குதிரையும் இல்லை, மாளிகையும் இல்லை. 1950இல் ஹைட்ரஜன் குண்டுக்கான பொருள் தயாரிக்க, தெற்கே 310 சதுர மைல் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. எலென்டன் என்ற ஊர் முழுக்கக் காலியாயிற்று. ஆறாயிரம் பேர் வெளியேறினார்கள். கல்லறைகளைக்கூடத் தோண்டி மாற்றினார்கள். சில வீடுகளைப் பெயர்த்து லாரியில் ஏற்றிப் புது இடத்துக்குக் கொண்டுபோனார்கள். சவான்னா ரிவர் சைட் என்று இன்றும் அது இயங்குகிறது. அதன் வேலையும் சம்பளமும்தான் என் கணவரைப் போன்ற பொறியாளர்களை இந்த மணல்காட்டுக்குக் கொண்டுவந்தன.

மணல் என்றதும் ஹிட்ச்காக் காட்டைச் சொல்ல வேண்டும். 1939இல் ஹிட்ச்காக் குடும்பம் ஏறத்தாழ 1,200 ஏக்கரை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தது. இன்று 2,000 ஏக்கருக்கு மேல். நகரத்துக்கு நடுவிலேயே காடு. அதற்குள் சேண்ட் ரிவர் என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் ஆறு, மழை பெய்த அன்று தவிர வெறும் வெண்மணல். கோடையில் காவிரி கிடக்கிற கோலம் அது. முதல் முறை பார்த்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். தேங்க்ஸ்கிவிங் அன்று காலை ஊரே அந்தக் காட்டில் கூடும். பாதிரியார் வேட்டை நாய்களை ஆசீர்வதிப்பார். நரியைத் துரத்துவதில்லை, வாடை தோய்த்த துணியை முன்கூட்டியே இழுத்துப்போய்விட்டு, அந்தத் தடத்தில் நாய்களை விடுவார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. முதல் ஓட்டத்தில் குளம்புகளின் அதிர்வு காதுக்கு வரும் முன் கால் வழியாக வந்துவிடும்.

காட்டை ஒட்டிய பகுதியில் தெருக்களுக்குத் தார் போடாமல் வைத்திருக்கிறார்கள், குளம்பு வலிக்கும் என்று. பெரிய சாலையைக் கடக்கும் இடத்தில் சிக்னல் கம்பத்தில் இரண்டு பொத்தான்: ஒன்று நடப்பவர் கைக்கு, இன்னொன்று குதிரைமேல் இருப்பவர் கைக்கு எட்டும் உயரத்தில்.

போன ஜனவரியில் ஒருநாள் விடியற்காலை 1941இல் அமைத்த ட்ரெய்னிங் ட்ராக்குக்குப் போனேன். பந்தயக் குதிரைக் குட்டிகளைக் குளிர்காலத்தில் இங்கேதான் பழக்குகிறார்கள். 1981இல் கென்டக்கி டெர்பியை வென்ற ப்ளெசன்ட் காலனி இந்த ஊரில் பயிற்சி பெற்றதுதான். ஓடிவிட்டு வந்த குதிரையின் மேல் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார் ஒரு லாயக்காரர், மெக்சிகோக்காரர், ஐம்பது வயது இருக்கும். குதிரையின் முதுகிலிருந்து ஆவி கிளம்பிப் பைன் மரம் வரை போயிற்று. தண்ணீரை வழித்துவிட்டுக் குனிந்து முன்னங்காலைத் தூக்கித் தன் முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். கொக்கியால் மணலைச் சுரண்டினார். பிறகு கொக்கியைக் கீழே போட்டுவிட்டு, குளம்பைச் சுற்றி உள்ளங்கையை வைத்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"சூடு பார்க்கிறீர்களா?" என்று கேட்டேன். உள்ளே வீக்கம் இருந்தால் குளம்பு சுடும். ராத்திரி லாயத்தில் சிம்னி விளக்கை வைத்துவிட்டுத் தாத்தா இதைச் செய்யாமல் படுக்க மாட்டார் என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களிடம் குதிரை இருக்கிறதா?"

"என் தாத்தாவிடம் இருந்தது" என்றேன். "ஒன்றே ஒன்று. வண்டிக் குதிரை."

அவர் கொஞ்சம் விலகி எனக்கு இடம் விட்டார். நான் கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன். குளம்பு கல் மாதிரி குளிர்ந்திருந்தது.