சைக்கிளுக்கு ஒரு மீட்டர்

கேரளத்தின் கடலோர நெடுஞ்சாலைத் திட்டத்தில் சைக்கிளுக்குத் தனித்தடம் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்முனையில் பூவாறு, பொழியூர்ப் பக்கம் தொடங்கி, காசர்கோட்டின் குஞ்சத்தூர் வரை ஒன்பது மாவட்டங்களைத் தொட்டுச் செல்லும் 600 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலை அது. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து கடலோரமாகவே வடக்கே மிதிக்கும் ஆசை உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. அந்த ஆசை எனக்கு நிறையவே உண்டு.

ஆனால் சாலை முடியும்வரை நாங்கள் மிதிப்பது வேலை நடக்கும் வழிகளில்தான். கடலோரத்தில் பள்ளம் தோண்டியிருப்பார்கள்; 'மாற்றுப்பாதை' என்ற பலகையும் இருக்கும். அந்த அம்புக்குறி காரை நினைத்து வரைந்தது. அதை நம்பிப் போனால் தேசிய நெடுஞ்சாலை 66-இல் கொண்டுவிடும். 2025 மே 2 அன்று விழிஞம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பிறகு அந்தப் பக்கம் சரக்குப் போக்குவரத்து கூடத்தானே செய்யும்? பையும் கூடாரமும் கட்டிய சைக்கிள் கண்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டே போவது பயணமே அல்ல.

பழகியவர்கள் விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். பள்ளிக்கூட நேரத்தில் டிப்பர் லாரிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அந்த நேரத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். புதிதாகக் கொட்டிய ஜல்லியில் மிதிக்கவே கூடாது, இறங்கி உருட்ட வேண்டும். இடவப்பாதி மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய குழியின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே உள்ளூர்க்காரர்களைக் கேட்பதுதான் ஒரே வழி. ஒருமுறை, தலையில் மீன்கூடை சுமந்து வந்த அம்மா ஒருவர், "மக்களே, அங்கே வழியில்லை, பள்ளி முற்றம் வழியா உருட்டிக்கிட்டுப் போ" என்றார். பள்ளி என்று அவர் சொன்னது தேவாலயத்தை. அதன் முற்றத்தைக் கடந்து, வலை உலர்த்திய மணலோரமாக மறுபடி சாலைக்கு வந்துவிட்டேன். எந்தப் பலகையும் சொல்லாத மாற்றுப்பாதை அது.

இந்தக் கரையில் சாலையைத் தோண்டுவது மனிதர்கள் மட்டுமல்ல. திருவனந்தபுரம் விமான நிலையத்தை ஒட்டிய சங்குமுகம் சாலையைக் கடல் திரும்பத் திரும்ப அரித்தது; 2021 மே மாதம் தவ்தே புயலின்போது பெரும்பகுதியைக் கொண்டுபோனது. மண்ணுக்குள் ஆழமாகக் கான்கிரீட் சுவர் இறக்கி, 2022-இல்தான் மறுபடி திறந்தார்கள். அதே புயலில் வலியதுறையின் பழைய கடல்பாலமும் சேதமடைந்தது. கடலோரச் சாலை ஒருபோதும் முடிந்துவிடுவதில்லை. வேலை முடியட்டும், பிறகு சைக்கிளைப் பார்ப்போம் என்ற சொல் அதனால்தான் இங்கே செல்லாது.

இன்னும் வடக்கே தும்பா. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பிய மீனவ ஊர். ராக்கெட் பாகத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிப்போகும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த ஏவுதளத்துக்காக ஊர் மக்கள் தங்கள் வீடுகளை விட்டு இடம்பெயர்ந்தார்கள். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா ஞாயிறு வழிபாட்டில் அவர்களிடமே சம்மதம் கேட்டதை அப்துல் கலாம் சொல்லியிருக்கிறார். இன்று கடலோர நெடுஞ்சாலைக்காகவும் மீனவர் வீடுகள்தான் நகர வேண்டும். பட்டா இல்லாதவர்களுக்கு 600 சதுர அடி வீடு அல்லது 13 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்திருக்கிறது. படகையும் வலையையும் விட்டுத் தள்ளி வாழ முடியுமா என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. நான் மகிழ்ந்து மிதிக்கப்போகும் தடம் அவர்கள் திண்ணை இருந்த இடத்தில் வருமானால், அவர்கள் மனமொப்பிய பிறகே வரட்டும். அதற்காகக் காத்திருக்க எனக்குச் சம்மதம்.

அதுவரை வேலை நடக்கும் இடங்களில் ஒரு மீட்டர் அகலத்துக்கு இறுகிய தரை விட்டுவைத்தால் போதும். என்னைப் போன்ற பயணிகளுக்கு மட்டுமல்ல, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் மீன் விற்கப் போகும் பெண்களுக்கும் அதுதான் வழி. பள்ளத்தைச் சுற்றி இரவில் தெரியும் தடுப்பும், சைக்கிள் படம் போட்ட அம்புக்குறியும் வேண்டும். அந்த அம்பு எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்பதை ஊர்க்காரர்களைக் கேட்டு வரையுங்கள். தனித்தடம் வரும் நாளுக்கு முன்பே, சாலை வேலை ஒப்பந்தங்களில் இதை எழுதிவிடுங்கள்.