கட்டணமில்லாப் பயணம்

எங்கள் வீட்டில் ஒரு வரவுசெலவு நோட்டு உண்டு. கல்யாணமான மறுமாதத்திலிருந்து நான்தான் எழுதுகிறேன். ஜவுளிக்கடை ஒன்றின் கணக்குப் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்த பழக்கம். பேரேடு எழுதிய கை சும்மா இருக்காது. பால், காஸ், மளிகை, பள்ளிக் கட்டணம் என்று இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் தொகை. போன வருட நோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக இப்படி எழுதியிருக்கிறேன்: ‘காந்தி மியூசியம் போய் வந்தது. பஸ் 0, நுழைவு 0, சாப்பாடு 0, ஐஸ் 40.’

நாற்பது ரூபாயில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு நாள் முழுக்கச் சந்தோஷம். அன்று இரவு இதை எழுதி முடித்துவிட்டுப் பெருமையாகத்தான் இருந்தேன். என் வீட்டுக்காரரிடம் நோட்டைக் காட்டினேன். “நீ கெட்டிக்காரி” என்றார். மாமியார்கூடப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார், ‘எங்க மருமக காசை வெளிய விடமாட்டா’ என்று. எனக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த நாள் எப்படிப் போனது என்பது நோட்டில் இல்லை. காலை நாலரைக்கு எழுந்தேன். புளிக்காய்ச்சல் முதல் நாள் இரவே செய்து வைத்திருந்தேன். சோறு வடித்து, ஆறவைத்துக் கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, சுண்டல் தாளித்து, நான்கு பாட்டில் தண்ணீர் நிரப்பி, மாற்றுத்துணி ஒரு செட், பழைய துண்டு ஒன்று, பாலிதீன் கவர் இரண்டு. தம்பிக்குப் பஸ்ஸில் வாந்தி வரும். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாரத்தில் ஒருநாள்தான் லீவு, தூங்கட்டும் என்றுதான் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனதே. நாங்கள் ஊர் சுற்றியது அவருடைய ஓய்வுக்கும் சேர்த்துத்தான். அதுவும் நோட்டில் இல்லை.

வில்லாபுரத்திலிருந்து பெரியார் நிலையம், அங்கிருந்து தமுக்கம். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில்தான் பெண்களுக்கு இலவசம். காசு கொடுத்து ஏறும் பஸ்கள் இரண்டு போயின. எங்களுடையது வர முக்கால் மணி நேரம் ஆனது. பாப்பாவுக்கு ஏழு வயது, பெண்பிள்ளை என்பதால் அவளுக்கும் இலவசம். தம்பிக்கு நான்கு வயது, அவனுக்கும் காசில்லை. நடத்துநர் எங்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். பாப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “காசில்லன்னா எதுக்கும்மா டிக்கெட்டு?” என்றாள்.

நல்ல கேள்வி. இந்தத் திட்டம் 2021 மே மாதம் தொடங்கியது. கட்டணம் கிடையாது என்றாலும் சீட்டு உண்டு. எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்று கணக்கு வேண்டும். நாங்கள் கொடுக்காத காசை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுசெய்கிறது. “நம்ம ஏறுனதை எண்ணிக்கிறதுக்குப் பாப்பா” என்று மட்டும் சொன்னேன்.

மதுரைக் காந்தி மியூசியம் இருப்பது ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனையில். 1959இல் மியூசியம் ஆனது. மங்கம்மாள் கைக்குழந்தையாக இருந்த தன் பேரனுக்காக அரசாண்டவர். சாலைகளும் சத்திரங்களும் இன்றும் அவர் பேரைச் சொல்கின்றன. இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே போனேன். தம்பி தூண்களைக் கட்டிப்பிடித்து எண்ணிக்கொண்டு வந்தான்.

காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணியில் ஒரு பகுதி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. இரத்தக்கறை பட்ட துணி. பாப்பா வெகுநேரம் நின்று பார்த்தாள். “இதை ஏம்மா யாரும் தொவைக்கல?” என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கறை பட்ட துணியைப் பார்த்ததும் துவைக்க வேண்டும் என்று ஏழு வயதில் அவளுக்குத் தோன்றுகிறது. தம்பிக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே தாயிடம் வளர்கிறவர்கள்.

1921 செப்டம்பர் 22ஆம் தேதி, இதே மதுரையில், மேலமாசி வீதி வீடொன்றில் தங்கியிருந்தபோதுதான் காந்தி மேலாடையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறினார். ஏழைகள் உடுத்துவது போலத் தானும் உடுத்துவது என்று முடிவெடுத்தார். அவரை நான் குறைசொல்ல வரவில்லை. தன் கையால் நூற்றவர். ஆனால் அவர் சிக்கனத்துக்கு ஆண்டும் தேதியும் உண்டு, வீட்டு முகவரி உண்டு. என் அம்மா எந்த வருடம் புதுச்சேலை எடுப்பதை நிறுத்தினார் என்று எனக்கே தெரியாது. எனக்குப் பள்ளிக் கட்டணம் ஏறிய வருடமாக இருக்கலாம். கேட்டால் “அதெல்லாம் யாரு நெனச்சுப் பாத்தா” என்பார். தேர்ந்தெடுத்துச் செய்தால் துறவு. வேறு வழியில்லாமல் செய்தால் குடும்பப் பாங்கு.

வெளியே மர நிழலில் துண்டை விரித்துச் சாப்பிட்டோம். தம்பிக்குத் துணிப்பந்து போட்டேன். பழைய காலுறைக்குள் கிழிந்த நைட்டியைச் சுருட்டித் திணித்து நான் தைத்தது. எங்கள் வீட்டு விளையாட்டுச் சாமான்கள் பெரும்பாலும் இப்படித்தான். தேங்காய்ச் சிரட்டையில் தராசு, தீப்பெட்டியில் ரயில், ஈர்க்குச்சியில் பாட்டில் மூடி கோத்த வண்டி. ஒட்டுவதற்கு மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிக்கொள்வேன். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். பிள்ளைகள் கை வைக்கிறதால் நான் கலப்பதில்லை. அதனால் பசை இரண்டு நாளில் புளித்துவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிடித்த வேலை. ஒரு அட்டைப்பெட்டி என் கையில் வீடாகவோ பஸ்ஸாகவோ மாறும்போது பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்களே, அந்த முகத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆனால் பிடித்த வேலை என்பதாலேயே அது வேலை இல்லை என்று ஆகிவிடாது என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது.

புரியவைத்தவர் என் வீட்டுக்காரர்தான்.

அந்த ஞாயிறு கழிந்து இரண்டு மாதம் இருக்கும். பழைய கடையிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். கணக்குக்கு ஆள் வேண்டும், மாதம் 12,000. தம்பி பிறந்தபோது விட்ட வேலை. போகட்டுமா என்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “வா, கணக்குப் போட்டுப் பாப்போம்” என்று ஒரு தாளை எடுத்தார். நியாயமான மனிதர், எதையும் எழுதிப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். இப்படி எழுதினார்:

தம்பிக்குக் காப்பகம் 3,500. பாப்பாவைப் பள்ளி விட்டதும் பார்த்துக்கொள்ள 2,000. ஆட்டோ 1,500. பாப்பாவுக்கு டியூஷன் 800. பாத்திரம் கழுவ, வீடு கூட்ட ஆள் 1,500. கடையில் வாங்கும் தீனி 1,200. தையல், பிள்ளைகளின் பிறந்தநாள், இதர செலவு 500. உனக்குப் பஸ் 0. ஆக மொத்தம் 11,000.

“பாத்தியா? ஆயிரம் ரூபாதான் மிஞ்சுது. இந்த ஆயிரத்துக்காகவா நீ ஓடணும்?” என்றார்.

நான் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து ஒத்துக்கொண்டேன் என்று நினைத்து அவர் படுக்கப் போய்விட்டார். உண்மையில் அதிர்ந்துபோயிருந்தேன். இத்தனை வருடம் நான் வீட்டில் செய்வதற்கு விலை கேட்டால் சிரித்திருப்பார். வீட்டில் சும்மா இருக்கிறாள் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்வார். அதே மனிதர் ஐந்தே நிமிடத்தில், ஒன்றுகூட விடாமல், என் வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் சந்தை விலை போட்டு, கூட்டி, அடியில் கோடும் இழுத்துவிட்டார். தெரியாமல் இல்லை. என்னை வீட்டில் நிறுத்த வேண்டும் என்றால் அந்த வேலைக்கு மாதம் 11,000 மதிப்பு. மற்ற நாளில் பூஜ்யம்.

அந்தத் தாளை நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். இரவெல்லாம் இன்னொன்றும் உறுத்தியது. காப்பகக் கட்டணத்தை ஏன் என் சம்பளத்திலிருந்து மட்டும் கழித்தார்? பிள்ளைகள் இரண்டு பேருக்கும்தானே? அவர் வேலைக்குப் போவதற்கும்தான் யாராவது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த யாராவது நான் என்பதால் அவருக்கு அது செலவாகவே படவில்லை. நாங்கள் வளர்ந்த தெருவில் வேலையை விட்ட பெண்கள் அத்தனை பேரும் இதே கணக்கைக் கேட்டுத்தான் விட்டார்கள். ‘போற சம்பளம் ஆயாவுக்கே சரியாப் போகுது.’ நானும் என் சிநேகிதி ஒருத்திக்கு இதையே புத்திமதியாகச் சொல்லியிருக்கிறேன்.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாடு பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டுக்காகச் சம்பளமில்லாத வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அப்படி வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது இதில் சேராது, அது தனி. என் அம்மாவுக்கு 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 வருகிறது. பணம் வந்த முதல் மாதம் அம்மா சொன்னார்: “உதவித்தொகைன்னு போடலடி, உரிமைத்தொகைன்னு போட்ருக்கான்.” ஐம்பது வருட உழைப்புக்கு அது ஈடில்லை. ஆனால் யாரோ எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. பஸ்ஸில் கிழித்துத் தரும் பூஜ்ய ரூபாய்ச் சீட்டும் அப்படித்தான். அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, கொடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். என் நோட்டில் இருந்த பூஜ்யங்களுக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. எழுதியதும் நான்தான்.

மறுநாள் காலையில் அதே தாளின் பின்பக்கத்தில் நான் ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு சம்பளத்தையும் மேலே எழுதினேன். 11,000த்தைக் கீழே எழுதினேன். இரண்டு சம்பளத்தின் கூட்டிலிருந்து கழித்தேன். “மிச்சம் அதே ஆயிரம்தானே கூடுது?” என்றார். “ஆமா. ஆனா இப்ப இது நம்ம செலவு. நேத்து என் செலவா இருந்துச்சு” என்றேன். ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. மாமியார், “ஆயிரத்துக்கு ஆசைப்பட்டு அடுப்பை அணைக்காத” என்றார். “நாலு வருசத்துல தம்பி பெரியவனாயிருவான் அத்தை, காப்பகக் காசு நிக்கும், என் சம்பளம் நிக்காது” என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. அவர் சமாதானமாகவும் இல்லை.

வேலைக்குப் போய் இப்போது ஏழு மாதம் ஆகிறது. கதை சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். நாலரைக்குத்தான் இன்னும் எழுகிறேன். தம்பி காப்பகத்தில் முதல் மாதம் அழுதான். என் நெஞ்சும் அடைத்தது. அவன் அழுததற்கு என்னைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், அவரை யாரும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றுவது குறைந்துவிட்டது. போனால் நான்கு பேரும் போகிறோம். அவருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். வாந்திக்கான கவர் அவர் பையில் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. இருமுறை மறந்தார். மூன்றாம் முறை மறக்கவில்லை. அவர் சட்டையில்தான் வாந்தி எடுத்திருந்தான்.

நோட்டில் இப்போது மூன்றாவதாக ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறேன்: நேரம். போன மாதம் பாப்பாவின் பள்ளியில் வீணான பொருளில் ஏதாவது செய்துவரச் சொல்லியிருந்தார்கள். வழக்கம்போல இரவு எட்டு மணிக்குத்தான் அவள் சொன்னாள். எனக்கு அன்று ஸ்டாக் கணக்கு, வீட்டுக்கு வந்ததே ஏழரை. “அப்பாகிட்ட கேளு” என்றேன். பாப்பா அட்டையை வெட்டினாள். ஈர்க்குச்சியில் மூடி கோப்பது எப்படி என்று தம்பி தன் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தான். பசையைக் காய்ச்சியதும் அவர்தான், கட்டிதட்டிப் போயிருந்தது. பஸ் ஒருபக்கம் சாய்ந்துதான் நின்றது, முன்சக்கரம் சுற்றவில்லை. மறுநாள் டீச்சர், “இந்தத் தடவை அம்மா செஞ்சு தரலையா?” என்று பாப்பாவிடம் கேட்டிருக்கிறார்.

அன்றிரவே நோட்டில் எழுதிவிட்டேன்: ‘அட்டை பஸ். அட்டை 0, மைதா 2 ரூபாய். நேரம்: அப்பா 2 மணி 10 நிமிடம், பாப்பா 1 மணி, தம்பி 1 மணி.’

அவர் எட்டிப் பார்த்தார். “இதையெல்லாமா எழுதுவ?” என்றார்.

“எழுதாட்டி யாருக்குத் தெரியும்?” என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பேனாவை வாங்கி 10 என்பதை அடித்து 25 என்று திருத்தினார். பாத்திரத்தில் ஒட்டிய பசையைத் தேய்த்துக் கழுவிய நேரத்தை நான் விட்டுவிட்டேனாம்.