தண்ணி ஊத்துறவன்

அந்த அலுவலகத்தில் எனக்குப் பேர் கிடையாது. "பேட்டரிக்குத் தண்ணி ஊத்துற பையனைக் கூப்பிடு" என்பார்கள். பையனுக்கு அப்போது வயது 31, இரண்டு பிள்ளைகள்.

மாடிப்படிக்குக் கீழே இருட்டு மூலையில் எட்டு பேட்டரி. ஒவ்வொன்றும் 12 வோல்ட், சேர்த்து 96. பக்கத்தில் யூபிஎஸ். மேலே சர்வரில்தான் மொத்தக் கணக்கும். கரண்ட் போனால் அதற்கு இந்த மூலையிலிருந்துதான் உயிர். மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும், முனையில் பூத்திருக்கிற உப்பை வெந்நீர் விட்டுக் கழுவி வாசலைன் தடவணும். ஆசிட் பட்டு என் சட்டையெல்லாம் ஓட்டை. சர்வர் அறைக்குள் மட்டும் நான் போகக் கூடாது. யாரும் சாதிப் பேரைச் சொல்லவில்லை. "ஆசிட் கையோட உள்ள வராதே" என்றார்கள். கழுவிவிட்டு வந்தாலும் அதே பேச்சுத்தான்.

எனக்கு இது புதுசு இல்லை. எங்க காலனிக்கு வருகிற லைனின் டிரான்ஸ்பார்மர் ஊர்த்தெருவில் இருந்தது. பீஸ் போனால் அப்பா அங்கே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவர்கள் சாப்பிட்டு, வெத்திலை போட்டு, மனசு வந்தால் ஆள் அனுப்புவார்கள். கடைசிக் கம்பம் எங்களுடையது. ஊர்த்தெருக்காரர்களின் பம்புசெட் ஓடினால் எங்க குண்டு பல்பு நெருப்புத்துண்டு மாதிரி சிவந்து கிடக்கும். அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் ஐடிஐ போய் வயர்மேன் சான்றிதழ் வாங்கினேன்.

2012. சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத காலம். ஒரு ராத்திரி பேட்டரி தீர்ந்து சர்வர் அப்படியே விழுந்தது. காலையில் கணக்குக் கோப்பு திறக்கவில்லை. "தண்ணி ஊத்தியிருக்க மாட்டான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஹைட்ரோமீட்டரை எடுத்துக் காட்டினேன். சார்ஜ் ஏறியதும் எல்லா அறையிலும் 1.240ஐ ஒட்டியே நின்றது. யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் யூபிஎஸ்ஸுக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு அதில் ஒரு துளை உண்டு. அதற்கான கேபிள் அட்டைப் பெட்டியில் பிரிக்காமலே கிடந்தது. அதாவது, கரண்ட் போன சேதியே சர்வருக்குத் தெரியாது. தெரிந்தால்தானே கோப்புகளை மூடிவிட்டு ஒழுங்காக அணையும்? இரண்டு கிலோ எடையுள்ள தண்ணிக் கேனை என் கையில் கொடுத்தார்கள். அந்தச் சின்னக் கேபிளை ஒருத்தரும் மாட்டவில்லை.

'நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ்' என்று இலவச மென்பொருள் இருக்கிறது. சுருக்கமாக 'நட்' என்பார்கள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து, அதன் கையேட்டைப் படித்தேன். வேறு ஆள் கிடைக்காததால் சர்வர் அறைக்குள் என்னை விட்டார்கள். டிரைவர் யூபிஎஸ்ஸிடம் கேட்கும். இன்னொரு நிரல் ஐந்து நொடிக்கு ஒருதரம் நிலைமையைப் பார்க்கும். லைன் இருந்தால் 'ஓஎல்', பேட்டரியில் ஓடினால் 'ஓபி', பேட்டரி தீரப் போகிறது என்றால் 'எல்பி'. 'ஓபி'யும் 'எல்பி'யும் சேர்ந்து வந்தால் கம்ப்யூட்டர் தன்னை அணைத்துக்கொள்ளும். அதுவரை காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பத்து நிமிஷம் பேட்டரியில் ஓடினாலே சர்வர் அணையட்டும் என்று நேரம் வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை நானே இறக்கிப் பார்த்தேன். பத்தாவது நிமிஷம் ஒழுங்காக அணைந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். முப்பது நொடிக்கு ஒருதரம் நேரம், வோல்டேஜ், சுமை, நிலை எல்லாவற்றையும் எழுதி வைக்கும்படி நட்டின் பதிவை ஓட விட்டேன். யாரும் சொல்லவில்லை. எழுதாத இடத்தில் நம்ம பேச்சு எடுபடாது என்று தெரிந்துதான் செய்தேன்.

நான்காம் மாதம், பட்டப்பகலில், கரண்ட் போன இரண்டாம் நிமிஷமே மறுபடி விழுந்தது. இந்தத் தடவை மெமோவே கொடுத்தார்கள்: பராமரிப்பில் அலட்சியம், மூன்று நாளில் விளக்கம் தருக.

பதிவை எடுத்துப் பார்த்தேன். வழக்கமாக சுமை 40. ஒரு வாரமாகப் பிற்பகலில் மட்டும் திடீரென்று 95, 98 என்று ஏறி இறங்கியிருந்தது. கடைசி வரி: 'ஓபி', சுமை 97. அதற்கப்புறம் வரியே இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனால் மேலாளர் அறையில் முடிந்தது. கரண்ட் இல்லாத நேரத்திலும் அச்செடுக்க வசதியாக லேசர் பிரிண்டரை யூபிஎஸ் பிளக்கில் மாட்டியிருந்தார்கள். உள்ளே தாளைச் சூடாக்குகிற ஹீட்டர் இருப்பதால் அது கரண்டை இழுக்கும். தாங்கமுடியாத சுமை வந்தால் யூபிஎஸ் சொல்லாமலே கையை விட்டுவிடும்.

மூன்று தாளில் விளக்கம் எழுதினேன். பின்னால் பதினோரு தாள் பதிவு. மேலாளர் புரட்டினார், மடித்து மேசை டிராயருக்குள் போட்டார். "சரி, போ" என்றார். "சார், மெமோவை ரத்து பண்ணதா எழுதிக் குடுங்க" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "இப்ப யாரு உன்னக் கேட்டா?"

மறுநாள் பிரிண்டர் சுவர் பிளக்குக்குப் போயிருந்தது. மெமோ என் கோப்பிலேயே இருந்தது. அடுத்த வாரம் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். எனக்குக் கேன் மட்டும் மிச்சம். எட்டு மாதம் பொறுத்து வெளியே வந்தேன். இப்போது மூன்று ஊர்களில் யூபிஎஸ் போட்டுத் தருகிறேன்.

அந்தப் பதினோரு தாளின் நகலை, சாதிச் சான்றிதழும் ஐடிஐ சான்றிதழும் இருக்கிற டிரங்குப் பெட்டியில்தான் வைத்திருக்கிறேன். நம்ம பிள்ளைகள் இந்த வேலைக்கு வருகிறார்கள். அவர்களிடமும் முதலில் கேனைத்தான் நீட்டுவார்கள். வாங்கிக்கொள்ளட்டும், பேட்டரிக்குத் தண்ணி வேண்டும்தான். கூடவே கேபிள் எங்கே, பாஸ்வேர்டு யாரிடம், பதிவு ஓடுகிறதா என்று அன்றைக்கே கேட்டுவிடட்டும்.