தலைகீழாக மாட்டிய ஹெட்லைட்... புதுப்பேட்டையில் பழைய கார்களுக்குக் 'கண் சிகிச்சை'!

புதுப்பேட்டை என்றதும் பலருக்கும் 2006-ல் வெளியான தனுஷ் படம்தான் நினைவுக்கு வரும். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கோ அது வேறு ஊர். 'எங்கேயும் கிடைக்காத ஸ்பேர் பார்ட்ஸா? புதுப்பேட்டைக்குப் போ' என்பது சென்னையில் பல வருடங்களாகப் புழங்கும் அறிவுரை.

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் சில நிமிடங்கள்தான். கூவத்துக்குப் பக்கத்தில், ஆதித்தனார் சாலையையும் அதை ஒட்டிய தெருக்களையும் நடந்தே சுற்றிவிடலாம். கதவுக்கு ஒரு கடை, பம்பருக்கு ஒரு கடை, இன்ஜினுக்கு ஒரு கடை எனப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கிரீஸ் வாசனையையும் சுத்தியல் சத்தத்தையும் தாண்டி உள்ளே போனால், சில கடைகளில் செய்தித்தாளில் சுற்றிய வட்டக் கண்ணாடிகள் அடுக்கியிருக்கும். பழைய கார்களின் ஹெட்லைட் கண்ணாடிகள் அவை!

7 அங்குல சிக்கல்

அம்பாசடர், ஜீப், புல்லட்... மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயம், 7 அங்குல வட்ட ஹெட்லைட். ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றிலும் உட்காரும். அதுதான் வசதி, அதுவே தொல்லையும்கூட. உட்கார்ந்துவிட்டது என்பதாலேயே சரியாக மாட்டிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்படி ஒரு தவறோடு வந்து நின்றது, வெள்ளை நிற மார்க் 2 அம்பாசடர். காஞ்சிபுரத்திலிருந்து ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். அப்பா ஓட்டிய காரை ஆசையாகப் புதுப்பித்திருக்கிறார். பெயின்ட், சீட், குரோம் எல்லாம் பளபள. ஆனால், இரவில் எடுக்கவே பயம்.

"போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டுத் திரும்பினோம் பாய். டிம்லதான் வந்தேன். எதிர்ல வந்த பைக்காரருக்குக் கண்ணு கூசி ரோட்டை விட்டு மண்ணுல இறங்கிட்டாரு. பின்னாடி குழந்தை வேற உட்கார்ந்திருந்துச்சு. நல்லவேளை, விழலை" என்றார்.

விளக்கைப் போடச் சொல்லி, நாலடி தள்ளி நின்று பார்த்தார் எலெக்ட்ரீஷியன். பிறகு குனிந்து, வலதுபக்கக் கண்ணாடியை விரலால் தடவினார். "கண்ணாடியைத் தலைகீழா ஒட்டிட்டாங்க சார். இடதுபக்கம் இருக்கறது வெளிநாட்டு லென்ஸ். இது நம்ம ரோட்டுக்கு ஆகாது!"

கண்ணாடிக்கும் தலை, கால் உண்டு

ஹெட்லைட் கண்ணாடியின் உள்பக்கம் தெரியும் கோடுகளும் கட்டங்களும் அழகுக்காக வைத்தவை அல்ல. ரிஃப்ளெக்டரிலிருந்து வரும் ஒளியைச் சாலையின் பக்கம் வளைத்து அனுப்புவது அவைதான். தலைகீழாக ஒட்டினால், தரைக்குப் போக வேண்டிய வெளிச்சம் எதிரில் வருபவரின் முகத்துக்குப் போகும். பல கண்ணாடிகளில் மேல்பக்கம் எது என்று சிறிய எழுத்தில் பொறித்தே இருக்கும்.

ரிஃப்ளெக்டருக்குப் பூச்சுப் போட, கண்ணாடியைப் பிரித்து மறுபடி ஒட்டும்போதுதான் பெரும்பாலும் இந்தத் தவறு நடக்கிறது. பூச்சிலும் கவனம் தேவை. குரோம் பளபளப்பாகத் தெரிந்தாலும், வெள்ளி, அலுமினியப் பூச்சு அளவுக்கு ஒளியைத் திருப்பாது.

வெளிநாட்டு லென்ஸின் பிரச்னை வேறு. நாம் சாலையின் இடதுபக்கம் போகிறோம். டிம் வெளிச்சமும் இடது ஓரத்தை நோக்கிச் சாய வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளிலும் வலதுபக்கம் போகிறார்கள். அங்கே பயன்படும் லென்ஸை இங்கே மாட்டினால், வெளிச்சம் நேராக எதிர்த்தடத்தில் விழும். ஆன்லைனில் 'ஒரிஜினல்' என்று பார்த்து வாங்குபவர்கள் சறுக்கும் இடம் இது.

மூன்றாவது தவறு பல்பில். பழைய ஹெட்லைட்டுகள் பலவற்றின் பல்பு அடிப்பகுதி பி45டி வகை. இப்போது எங்கும் கிடைக்கும் ஹெச்4 ஹாலஜன் பல்புக்கோ பி43டி. வளைத்து, நெளித்து உட்கார வைத்தால் பல்பு எரியும். ஆனால், அதன் இழை இருக்க வேண்டிய இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒளி சிதறிவிடும். இந்த பல்புகளில் டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டித் தகடு இருக்கும். ஒளி மேலே போகாமல் தடுப்பது அதுதான். பல்பைத் திருப்பி மாட்டினால், அந்தத் தகடு இருந்தும் பயனில்லை.

வெளிச்சம் மங்கலாக இருந்தால் பலரும் உடனே அதிக வாட் பல்புக்குத் தாவுகிறார்கள். 45/40 வாட் பல்புக்காகப் போட்ட பழைய ஒயரிங்கில் 100/90 வாட் பல்பை ஏற்றினால், ஒயரும் சுவிட்சும் சூடாகி உருகலாம். முதலில் பார்க்க வேண்டியது எர்த் ஒயரை. அது துருப்பிடித்திருந்தால், எந்த பல்பு போட்டாலும் அழுதுகொண்டேதான் எரியும்.

அம்பாசடருக்கு வலதுபக்கக் கண்ணாடியைப் பிரித்துத் திருப்பி ஒட்டினார்கள். இடதுபக்கத்துக்குப் பழைய அம்பாசடர் கண்ணாடி ஒன்று கிடைத்தது. "பல்பு மாத்தணுமா பாய்?" என்று கேட்டவருக்கு, "வேணாம் சார், எர்த்தைச் சுரண்டி விட்டாலே போதும்" என்று பதில் வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஹெட்லைட்டின் நடுவே கறுப்பு வட்டம் ஒட்டிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எதிரில் வருபவருக்குக் கண் கூசக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். மத்திய மோட்டார் வாகன விதிகள் இதற்குக் கணக்கே வைத்திருக்கின்றன. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வாகனத்தின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது.

50 வயதைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத சொந்த உபயோக வாகனங்களுக்கு 2021-ல் 'வின்டேஜ்' பதிவு முறை வந்தது. நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள் இருக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும். இந்த வண்டிகளைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு எடுத்துச் செல்லலாம்.

வீட்டிலேயே பார்க்கலாம்

சமதளத்தில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி காரை நிறுத்துங்கள். டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். ஹெட்லைட்டின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 2 முதல் 3 அங்குலம் கீழே விழ வேண்டும். வலதுபக்கம் சாயக் கூடாது. உயரத்தை மாற்ற, விளக்கின் மேலே இருக்கும் ஸ்க்ரூ. பக்கவாட்டில் நகர்த்த, ஓரத்தில் இருக்கும் ஸ்க்ரூ. திருகியும் சரியாகவில்லை என்றால், உள்ளே எதையோ தப்பாக மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்போது புதுப்பேட்டைக்குக் கிளம்பலாம். கழற்றிய பழைய விளக்கைக் கையோடு கொண்டுபோனால் ஜோடி சேர்ப்பது சுலபம். வாங்கும் பொருளுக்குக் கடை முகவரியோடு பில் கேட்டு வாங்குங்கள். காசு கொடுக்கும் முன் பேட்டரியில் எரிய வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும், இருட்டிய பிறகு காரை டிம்மில் விட்டு, நீங்களே எதிரில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கண் கூசவில்லை என்றால், அன்றிரவே வண்டியை எடுக்கலாம்!