சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

2016-ல் ஒரு மழைக்கால இரவு. மாவட்டத் தலைநகரம் ஒன்றிலுள்ள அரசு மருத்துவமனையின் ஆண்கள் பொது வார்டு. கட்டிலிலும் தரைப்பாயிலுமாக 42 நோயாளிகள். நைட் டியூட்டிக்கு ஒரே ஒரு செவிலியர்.

வேலையில் சேர்ந்து அவருக்கு ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. 2015-ல் தேர்வு எழுதி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணிக்கு வந்தவர்களில் ஒருவர். இரண்டு ஆண்டில் நிரந்தரம் ஆகிவிடும் என்ற நம்பிக்கையில், இரண்டு வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு 120 கிலோமீட்டர் தள்ளி ஹாஸ்டலில் தங்கியிருந்தார்.

இரவு 8 மணிக்கு ஓவர் எடுத்தார். பகல் டியூட்டி சிஸ்டர் சொன்ன 42 பேர் விவரத்தில் பாதிதான் மனதில் நின்றது. மூன்று பேருக்கு டிரிப்ஸ், ஒருவருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, ஐந்து பேருக்குச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். அந்த ஐந்து பேரில் ஒருவர்தான் 17-ம் கட்டில் பெரியவர். காலில் ஆறாத புண்ணோடு வந்த விவசாயி. அவருக்கு 12 யூனிட் பிளெயின் இன்சுலின்.

அவருடைய மகள் வெளியிலிருந்து வாங்கி வந்த மருந்தை நீட்டினார். வார்டு ட்ரேயில் இருந்த சிரிஞ்சை எடுத்து, 12-ம் கோடு வரை இழுத்து, போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார் சிஸ்டர்.

இருபது நிமிடம் கழித்து, கேஸ் ஷீட்டில் எழுதும்போதுதான் மேஜைமேல் இருந்த அந்த பாட்டிலைப் பார்த்தார். லேபிளில் 100 என்று இருந்தது.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இருக்கும் வீடுகளில் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. நம் ஊரில் இன்சுலின் பாட்டில் இரண்டு அளவுகளில் வருகிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் இருப்பது ஒன்று, 100 யூனிட் இருப்பது இன்னொன்று. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. மருந்து 100 ஆக இருந்து சிரிஞ்ச் சிவப்பு மூடியாக இருந்தால், உள்ளே போவது இரண்டரை மடங்கு. அன்று அந்தப் பெரியவருக்குப் போனது 12 யூனிட் அல்ல, 30 யூனிட்.

கை நடுங்கியது. யாருக்கும் தெரியாது. அவரே மணிக்கொரு முறை சுகர் பார்த்து, குறைந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துச் சமாளித்துவிடலாம். விடிந்தால் எல்லாம் சரியாகிவிடும். வெளியே சொன்னால் மெமோ வரும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால்? மகளின் முகம் கண்ணுக்குள் வந்துபோனது.

ஆனால், ஒன்றை அவரால் மறக்க முடியவில்லை. 42 பேரில் இன்னொருவருக்கு மூச்சுத் திணறினால் அவர் அங்கே ஓட வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் 17-ம் கட்டிலை யார் பார்ப்பார்கள்? தூக்கத்தில் சுகர் இறங்கினால், பெரியவர் தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தார். “சார், தப்பு பண்ணிட்டேன்.”

டாக்டர் உடனே வந்தார். பெரியவரை எழுப்பி முழுச் சாப்பாட்டையும் சாப்பிட வைத்தார்கள். கேஸ் ஷீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதினார் சிஸ்டர். பிறகு, எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை ஒன்று மீதமிருந்தது. பெரியவரின் மகளிடம் போய்ச் சொன்னார். “அக்கா, அப்பாவுக்கு மருந்து அதிகமா போயிடுச்சு. என் தப்புதான். ராத்திரி முழுக்கப் பார்த்துக்கிட்டே இருப்போம். வேர்த்தாலோ, உளறினாலோ உடனே கூப்பிடுங்க.”

அந்தப் பெண் கத்தினார், அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால், இரவு பத்தரை மணிக்கு, “சிஸ்டர், அப்பாவுக்குச் சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு” என்று ஓடிவந்ததும் அவர்தான். சுகர் 52. ஏற்கெனவே போட்டு வைத்திருந்த ஊசிவழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பதினைந்து நிமிடத்தில் பெரியவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். விடியும்வரை ஒவ்வொரு மணிக்கும் சுகர் பார்த்தார்கள். காலையில் 140.

மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தார். வேலை போகவில்லை. இன்சார்ஜ் சிஸ்டர் திட்டித் தீர்த்தார். மறுநாளே இரண்டு டப்பாக்கள் வாங்கி, 40-ஐயும் 100-ஐயும் சிரிஞ்சோடு சேர்த்துத் தனித்தனியாகப் பிரித்து வைத்தவரும் அவரேதான். “நீ மறைச்சிருந்தா இந்த டப்பா வந்திருக்காதும்மா” என்றார் அந்த அம்மா.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற இடங்களில் 5 நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அன்று இருந்தது 42-க்கு ஒருவர். அதைத் தன் விளக்கக் கடிதத்தில் அவர் எழுதவில்லை. எழுதினால் சாக்குச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்று பயந்தார். எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறார். தப்பு அவருடையது. தப்பு நடக்க வசதியாக இருந்த வார்டு அவருடையது அல்ல.

அதன்பிறகு பல வார்டுகள். பச்சிளம் குழந்தைகள் பிரிவில், ஒரு கிலோகூட எடை இல்லாத குழந்தைக்கு மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு ஆகிவிடும். அங்கே இரண்டு சிஸ்டர்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, விடை ஒன்றாக வந்தால்தான் ஊசி ஏறும். டயாலிசிஸ் பிரிவில், ஃபிஸ்டுலா போட்ட கையில் பி.பி பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. ஐ.சி.யூ-வில் பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் நேரடியாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால் அந்த ஆம்பூலுக்குத் தனி இடம்.

ஒவ்வொரு பிரிவும் ஒரு தனிப் படிப்பு. கைப்பழக்கம் வர மாதங்கள் ஆகும். வந்த நேரத்தில் வேறு வார்டுக்கு மாற்றல் வரும். குழந்தைகள் பிரிவில் பழகிய கை, மறுநாள் எலும்பு முறிவுப் பிரிவில் முதலிலிருந்து தொடங்கும். ‘நர்ஸ்தானே, எங்க போட்டா என்ன?’ என்ற பேச்சை எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்.

இப்போது அவரே வார்டுக்கு இன்சார்ஜ். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். புதிதாக வரும் பயிற்சி மாணவிகளுக்கு முதல் நாள் அவர் பெரிய பாடம் எதுவும் எடுப்பதில்லை. சிவப்பு மூடி ஒன்று, ஆரஞ்சு மூடி ஒன்று, இரண்டு சிரிஞ்சுகளை மேஜைமேல் வைப்பார். வித்தியாசத்தைச் சொல்லச் சொல்வார்.

போன மாதம் ஒரு மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “நீங்க யாருக்காவது தப்பா போட்டிருக்கீங்களா மேடம்?”

மற்ற பெண்கள் அவளை முறைத்தார்கள். சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“போட்டிருக்கேன்மா. பதினேழாம் கட்டில். சொல்றேன், கேளுங்க.”