பன்னிரண்டு பேருக்கும் ஒரே நண்பி

நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் படுவான்கரையில் ஒரே ஊர், இப்ப வந்தாறுமூலை கெம்பஸில் கலைப்பீடம். ஓ.எல் எடுக்கிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஊர்ப் பொதுமண்டபத்தில இங்கிலீஸ் படிப்பிக்கிறோம். காசு வாங்கிறதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லத்தான் இந்தப் பதிவைத் தொடங்கினோம். எழுத எழுத அது வேறு மாதிரிப் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை, ‘மை பெஸ்ட் ஃபிரெண்ட்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னோம். 12 பேர் எழுதித் தந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் ஒரே நண்பி. உயரமானவள், சிவலை, பக்கத்து வீடு. அவளின் அப்பா டொக்டர், அம்மா ரீச்சர். எங்கட ஊரில ஒரு டொக்டரும் இல்லை. தோணி, வயல், மேசன் வேலை, இல்லாட்டி வெளிநாடு. அந்தப் பிள்ளைகள் அருகருகே வாங்கில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். உண்மையான பெஸ்ட் ஃபிரெண்டின் முழங்கை இடிக்க இடிக்கத்தான் டொக்டரின் மகளைப் பற்றி எழுதினார்கள்.

சிரிச்சோம். பிறகு சிரிப்பு நின்றது. அந்தக் கட்டுரையைக் கொடுத்ததே நாங்கள்தான், இரண்டு மாதத்துக்கு முன்னம், எங்கட பழைய கொப்பியில இருந்து. 2019இல் நாங்கள் ஓ.எல் எடுக்கும்போது பாடமாக்கினதும் அதே டொக்டரின் மகளைத்தான். எங்களில் ஒருத்தன் பேப்பரில் தலைப்பு வேறாக வந்தும் அவளைப் பற்றியே எழுதிவிட்டு வந்தவன். அவனுக்கும் ‘எஸ்’ கிடைத்தது.

நாங்கள் ஆறாம் ஆண்டு படிக்கும்போது இங்கிலீஸ் மிஸ் எழுவான்கரையில் இருந்து மண்முனைப் பாதையில வருவா. (மற்ற ஊர்க்காரருக்கு: இங்க ‘பாதை’ என்றால் றோட்டு இல்லை, வாவியைக் கடக்கிற மிதவை.) பாதை பிந்தினால் முதல் பாடம் போச்சு. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறந்தார்கள். இனி மிஸ் நேரத்துக்கு வருவா என்று நினைத்தோம். அடுத்த வருசம் அவவுக்கு டவுனுக்கு ட்ரான்ஸ்பர் வந்தது. மிஸ் பாலத்தால போனா, பதிலுக்கு ஒருத்தரும் அதே பாலத்தால வரவில்லை. எட்டாம், ஒன்பதாம் ஆண்டுகளில் எந்தச் சேருக்கு ஓய்வுப் பாடமோ அவர் வந்து, புத்தகத்தைப் பார்த்து எழுதுங்க என்பார். எழுத்து மட்டும் எங்களுக்கு நல்ல வடிவு.

வாவிக்கு அந்தப் பக்கம், புளியந்தீவில், 1814இலேயே வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. இருநூறு வருசத்துக்கு மேல். மட்டக்களப்புக்கு இங்கிலீஸ் பிந்தி வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. வாவியைக் கடக்கத்தான் பிந்துது.

பிந்தினாலும் யாருக்கும் அவசரமில்லை. ஓ.எல்லில் இங்கிலீஸ் விழுந்தாலும், தமிழும் கணிதமும் சேர்த்து ஆறு பாடம் பாஸாகி அதில் மூன்று ‘சி’ இருந்தால் ஏ.எல் படிக்கலாம். ஏ.எல்லில் பொது ஆங்கிலம் என்றொரு பேப்பர் இருக்கு, அது இசட் ஸ்கோரில் சேராது. ஆக, தட்டாமல் முட்டாமல் கெம்பஸ் வரைக்கும் வந்துவிடலாம். வந்த பிறகுதான் லைப்ரரியில் தேவையான புத்தகம் முழுக்க இங்கிலீஸில் இருக்கும். எடுத்து, முதல் பக்கம் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு, சீனியர் தந்த தமிழ் நோட்ஸை போட்டோக்கொப்பி அடிக்கப் போவோம். இது மூன்று பேருக்கும் பொது.

மூன்றாம் ஆண்டு தொடங்கி ஓ.எல் மட்டும் ஒன்பது வருசம் படிச்சம். எங்கட ஒருத்தியின் அம்மா குவைத்தில் இரண்டு வருசம் வீட்டு வேலை செய்தவ. இண்டைக்கும் பழைய மெடத்தோட போனில் அரபு கதைப்பா, சண்டையும் பிடிப்பா. ஒரு எழுத்து எழுதத் தெரியாது. “எப்படியம்மா பழகினீங்க?” என்று கேட்டதுக்கு, “பிழையாக் கதைச்சுத்தான் மகள். பசிச்சா கேக்கத்தானே வேணும்” என்றா.

எங்களுக்குப் பிழையாகக் கதைக்க இடம் இருந்ததில்லை. எங்களில் ஒருத்தன் ஏழாம் ஆண்டில் ‘ஐலன்ட்’ என்ற சொல்லை ‘இஸ்லாண்ட்’ என்று வாசித்தான். வகுப்பே சிரித்தது, படிப்பிச்சவரும் சேர்ந்து. எழுதியிருக்கிற எழுத்தைத்தானே வாசித்தான்? அதுக்குப் பிறகு கெம்பஸ் வரும் வரைக்கும் அவன் இங்கிலீஸில் வாய் திறக்கவில்லை.

இதெல்லாம் கதைச்சு முடிவெடுத்து, அடுத்த சனிக்கிழமை கொப்பியை மூடச் சொன்னோம். “இண்டைக்குக் காலைல என்ன செய்தீங்க, இங்கிலீஸில சொல்லுங்க. பிழை வந்தாப் பரவாயில்லை.” நெடுநேரம் ஒருத்தரும் அசையவில்லை. பிறகு, அப்பாவோட தோணியில போகிற தம்பி எழும்பினான்.

“மோர்னிங் ஃபாதர் கோ வாவி. ஐ கோ. நெட் புட். ஃபிஷ் ஸ்மோல். நோ மணி. கம் ஹோம்.”

எல்லாம் விளங்கியது, மீனின் விலை உட்பட. அப்ப எங்களில் ஒருத்தன் சோக்கைத் தூக்கி, “‘கோ’ இல்ல தம்பி, ‘வென்ட்’. போட்ல எழுதிறன், பாருங்க” என்றான். ‘இஸ்லாண்ட்’ வாசித்த அதே ஆள்தான். தம்பி இருந்துவிட்டான். அன்றைக்கு வேறு ஒருத்தரும் எழும்பவில்லை. தம்பி அடுத்த இரண்டு கிழமையும் வரவில்லை.

வீட்டுக்குப் போனோம். அவன்ட அம்மா தேத்தண்ணி தந்து, “மனே, இவனுக்கு ஒரு எஸ் எடுத்துக் குடுத்தாக் காணும்” என்றா. அதையும் சும்மா தள்ளிவிட ஏலாது. அதனால டொக்டரின் மகள் இன்னும் எங்கட கொப்பியில்தான் இருக்கிறாள். சோதினைக்கு அவள் தேவைப்படுவாள். ஆனால் முதல் அரை மணித்தியாலம் கதைக்க மட்டும், சோக்கைத் தொடுகிறதில்லை என்று எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். அதை இதுவரைக்கும் இரண்டு தரம் மீறியாச்சு.

தம்பி போன கிழமை திரும்ப வந்தான். வந்ததும் கேட்டான்: “அண்ணா, வீச்சுவலைக்கு இங்கிலீஸில என்ன?”

“நெட்.”

“அது எல்லா வலைக்கும்தானே. கரைவலை வேற, வீச்சுவலை வேற.”

மூன்று பேரும் ஆளையாள் பார்த்தோம். போனைத் தட்டினால் மண்டபத்துக்குள் சிக்னல் இல்லை. தெரியாது தம்பி, அடுத்த சனி சொல்லுறோம் என்றோம். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, பார்க்க வேணும்.