விருந்தாளிக்கு ஒரு வழி

கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள் ஊர் திரும்புவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். மனிதர் வந்து சேருவதில் சிரமம் ஒன்றும் இல்லை. அவரோடு வர விரும்பும் சாமான்களைத்தான் வழியில் நிறுத்திவிடுகிறார்கள். அவற்றுள் மிகப் பெரிய சாமான் மோட்டார் கார். பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மாள்கூட அவ்வளவு கேள்விகள் கேட்கமாட்டாள். வயது என்ன, பிறந்த ஊர் எது, இதற்கு முன் யார் வீட்டில் இருந்தது, கண் சரியாகத் தெரிகிறதா, வலது பக்கமா இடது பக்கமா? இத்தனைக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

பூந்தமல்லியில் என் பெரியப்பா மகன் இருக்கிறார். இருபத்தாறு ஆண்டுகள் பினாங்கில் ஓர் அச்சகத்தில் உழைத்துவிட்டு 2017-இல் ஊரோடு வந்து சேர்ந்தவர். அவரிடம் 2009-இல் வாங்கிய புரோட்டான் சாகா கார் ஒன்று இருந்தது. ராஜா வீட்டுக் கார் அல்ல. மலேசிய அரசாங்கம் 1983-இல் தொடங்கிய கம்பெனி, நடுத்தரக் குடும்பங்களை எண்ணிச் செய்த கார். அண்ணிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு, வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்தது அந்தக் காரில்தான். மூன்று ஆண்டுகள் அப்படி ஓடின. பிறகு அண்ணி காலமாகிவிட்டார். பினாங்கு வீட்டுச் சாமான்களையெல்லாம் வந்த விலைக்குக் கொடுத்த அண்ணனுக்குக் காரை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை.

அதற்கு வழி உண்டா என்று கேட்கச் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே, லிங்கிச் செட்டித் தெருவில் உள்ள ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் இருவரும் போனோம். சுங்க விவகாரத்திலேயே தலை நரைத்த மனிதர்.

"கார் எந்த வருஷம், சார்?" என்றார்.

"2009."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "மூணு வருஷத்துக்கு மேலே ஆன பழைய காருக்கு வழியில்லை, சார். தயாரிச்ச நாளிலேருந்து கணக்கு" என்றார்.

ஆனாலும் எங்களுக்குக் காப்பி வரவழைத்து, மூன்று வயதுக்குள் இருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைப் பொறுமையாக விளக்கினார். ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். வேகம் காட்டும் முள் கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முன்விளக்கு, சாலையில் இடது பக்கமாகப் போகும் நாட்டுக்கு ஏற்றபடி ஒளி வீச வேண்டும். இன்னும் ஐந்து ஆண்டுகளாவது ஓடும் என்று, கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே சோதனைச் சான்றிதழ் வாங்க வேண்டும். பழைய கார் இறங்கக்கூடிய துறைமுகம் பம்பாய் ஒன்றுதான். இறங்கிய பிறகு புனே போன்ற இடத்துச் சோதனைச் சாலையில் மறுபடியும் பரீட்சை.

பிறகு வரி. நாம் கொடுத்த விலை அங்கே செல்லாது. கார் புதிதாக இருந்தபோது கம்பெனி போட்ட விலையை எடுத்துக்கொண்டு, முதல் ஆண்டில் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 3, மூன்றாம் ஆண்டில் இரண்டரை என்று தேய்மானம் கழிப்பார்கள். கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் அதன்மேல் ஏறும். அந்தத் தொகைக்கு விதிக்கும் வரி, காரின் மதிப்பையே தாண்டிவிடும். கடைசியில் 'பில் ஆப் என்ட்ரி' என்னும் சுங்கச் சீட்டைப் பூந்தமல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டினால்தான் 'டி.என். 12' என்று தொடங்கும் நம்பர் கிடைக்கும்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் பழையவன். என்னை உள்ளே விட்டார்கள். என் காரை விடமாட்டார்களா?"

ஏஜெண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விதி காரணமில்லாமல் பிறந்ததல்ல. சுதந்திரம் வந்த புதிதில் நம் தேசத்தில் அந்நியச் செலாவணி பஞ்சமாக இருந்தது. பெட்டியில் வந்த பாகங்களை இங்கே பூட்டி விற்றுக்கொண்டிருந்த கம்பெனிகளிடம், பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும் என்று சர்க்கார் சொன்னது. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954-க்குள் கடையைக் கட்டின. அம்பாஸடரும் பியட்டும், நம் வண்டலூர் ஸ்டாண்டர்டும் எஞ்சின. வெளிநாட்டுக் கார் வேண்டுமென்றால், தூதரகத்தார் கழித்துவிட்டதை அரசாங்க வாணிபக் கழகத்தின் மூலம் டெண்டர் போட்டு வாங்க வேண்டும். 2001-இல் இறக்குமதித் தடைகளை நீக்கியபோது, ஜப்பான் முதலிய நாடுகளின் கழிசல் கார்கள் வந்து குவிந்துவிடுமே என்ற பயத்தில் இந்த மூன்று வயது வேலியைப் போட்டார்கள்.

அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. பழைய ஜப்பான் கார்களை ஏராளமாக வாங்கி ஓட்டிய இலங்கை, டாலர் கையிருப்பைக் காப்பதற்காக 2020-இல் வண்டி இறக்குமதியையே நிறுத்தி, 2025-இல்தான் தனியார் கார்களுக்குக் கதவைத் திறந்தது. அண்ணனின் புரோட்டானும் வேலிக்குள் வளர்ந்த பயிர்தான். அந்நியக் கார்களுக்கு மலேசியா வரியும் அனுமதிச் சீட்டும் வைத்திருக்கிறது.

நம் வேலியின் பலனைப் பார்க்கத் தூரம் போக வேண்டாம். பூந்தமல்லி பைபாஸில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைக் கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்துகொண்டு நீண்ட லாரிகள் துறைமுகம் நோக்கிப் போகும். திருக்கச்சி நம்பி பூந்தமல்லியில் மலர் பறித்துக் காஞ்சி வரதனுக்குக் கொண்டுபோனதாகச் சொல்லும் திசையிலிருந்து, இன்று கார்கள் கடல் தாண்டப் புறப்பட்டு வருகின்றன.

என் மனத்தை உறுத்தியது வேறொரு விஷயம். எழுந்திருக்கும்போது ஏஜெண்டு சொன்னார்: "இதே காரை மலேசியாக்காரர் ஒருத்தர் சுற்றுலாவுக்குக் கொண்டுவரலாம், சார்." அதற்குக் 'கார்னே' என்று ஒரு புத்தகம் உண்டு. அவரவர் நாட்டு மோட்டார் சங்கம் ஜாமீன் நின்று கொடுக்கும். எல்லையில் அதிகாரி முத்திரை குத்தி ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார். ஆறு மாதம் வரியில்லாமல் ஓட்டலாம். காருக்கு நாற்பது வயதானாலும் தடையில்லை. திரும்ப எடுத்துக்கொண்டு போனால் போதும்.

விருந்தாளியாக வந்தால் கார் வரலாம். வீட்டுக்காரனாகத் திரும்பினால் வரக்கூடாது. தர்க்கப்படி இதில் பிழையில்லை. விருந்தாளியின் கார் போய்விடும், வீட்டுக்காரனின் கார் தங்கிவிடும். ஆனால் இருபத்தாறு ஆண்டுகள் ஊருக்குப் பணம் அனுப்பியவனுக்கு அந்தத் தர்க்கம் எப்படி இருக்கும்?

அண்ணன் காரைப் பினாங்கிலேயே உடன் வேலை செய்தவருக்குச் சொற்ப விலைக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அவரிடம் இருப்பது இருங்காட்டுக்கோட்டைக் கார். "நல்ல வண்டிதான், தம்பி. குறையே சொல்ல முடியாது. உன் அண்ணி இதிலே ஏறினதில்லை, அவ்வளவுதான்" என்றார் ஒரு நாள்.

வேலியைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வேலி பயப்படுவது வியாபாரியைக் கண்டு. நூறு கார் கொண்டுவந்து விற்கிறவனைக் கண்டு. பல ஆண்டுகள் வெளியில் உழைத்து நிரந்தரமாகத் திரும்புகிறவருக்கு ஆயுளில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கார். முழு வரியையும் கட்டட்டும். சோதனையில் தேறட்டும். கடைசிவரை விற்கக்கூடாது என்று எழுதிக் கொடுக்கட்டும். இத்தனைக்கும் சம்மதித்து ஒருவர் பழைய காரைக் கொண்டுவருகிறார் என்றால் அது லாபத்துக்காக இருக்காது. அப்படி வரும் கார்களால் நம் தொழிற்சாலைகளில் ஒரு போல்ட்டுகூடக் குறையப்போவதில்லை.